அத்தையின் நெல்லுச்சோறு

என் மாமியாருக்கு நூற்றிரண்டு வயது என்று முடிவு செய்தவர் சேந்தமங்கலத்தில் ஸ்டிக்கர் அடிக்கிறவர். எங்கள் கடையின் சாமைப் பாக்கெட்டில் ஒட்டுவதற்காக அத்தையின் படத்தைக் கொடுத்திருந்தோம். கீழே ஏதாவது போட்டால் எடுப்பாக இருக்குமே என்று அவராகவே 'வயது நூற்றிரண்டு, ஒரு மாத்திரை கூடப் போட்டதில்லை' என்று அடித்து அனுப்பிவிட்டார். வாக்காளர் அட்டைப்படி அத்தைக்கு எழுபத்தெட்டு. அதுவும் கணக்கெடுக்க வந்தவர் முகத்தைப் பார்த்துப் போட்டதுதான். அடித்த ஸ்டிக்கரைத் திருப்பி அனுப்ப மனசில்லாததால் அத்தைக்கு ஒரே நாளில் இருபத்துநான்கு வயது கூடிப்போனது. தன்னைப் பெற்றவளுக்கே தெரியாதது ஸ்டிக்கர்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டு, அத்தை அன்றைக்கெல்லாம் சிரித்தார். மாத்திரையைப் பொறுத்தவரை காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று.

எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது; நான் குண்டனி நாட்டில் பிறந்து பெரக்கரை நாட்டுக்கு வாழ வந்தவள். என் வீட்டுக்காரர் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு, ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை போட்டுச் சாமை, தினை, ராகி மாவு, மிளகு என்று விற்க ஆரம்பித்தேன். அந்தக் கடை ஓடினால்தான் எங்கள் அடுப்பு எரியும். முதல் ஆறு மாதம் ஒரு கார் கூட நிற்கவில்லை. வேலையற்றுப்போய் ஒருநாள் அத்தை வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்று நான்கு கார் நின்றது. என் சரக்கு அத்தைதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கீழேயிருந்து வருகிறவர்களுக்கு மலையில் மூன்று வேண்டும். அருவி, மூலிகை, பல் போன ஒரு கிழவி. அருவியில் குளித்து, எதற்கென்றே தெரியாத வேர் ஒன்றை வாங்கிக்கொண்டு, கடைசியாக எங்களிடம் வருவார்கள். வந்ததும் அத்தையின் காலடியில் உட்கார்ந்து, "பாட்டி, இத்தனை வருஷம் எப்படி இருக்கீங்க? என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்பார்கள். வரும் வழியில் சிப்ஸ் தின்ற கையைத் துடைக்காமலே கேட்பார்கள்.

இங்கேதான் சிக்கல். அத்தைக்குச் சாமையைக் கண்டாலே ஆகாது. சின்ன வயதில் விடியுமுன் எழுந்து உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப் போனவர். நோம்பிக்கும் கல்யாணத்துக்கும்தான் அப்போது நெல்லுச்சோறு. ரேஷன் அரிசி மலையேறி வந்த நாளிலிருந்து அத்தைக்குத் தினமும் நோம்பிதான். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய நோம்பி சேந்தமங்கலம் போய்ப் பரோட்டா தின்பது. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருக்கும். அத்தை மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து குரங்குகளை நலம் விசாரித்துக்கொண்டு வருவார். யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் பந்தி, யார் வீட்டுச் சண்டையானாலும் முன்வரிசை. டிவித் தொடரில் கெட்டவளைப் பார்த்து அவர் திட்டும் திட்டுக்கு எங்கள் நாய் எழுந்து வெளியே போய்விடும். வாழ்க்கையில் எதையும் அளந்து அனுபவித்தவர் இல்லை அவர்.

ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொன்னார். சென்னையிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி சாமையின் மகிமையைக் கேட்டபோது, "வேற வழியில்லாமத் தின்னதுங்க. நெல்லுச்சோறு கெடைச்சா எவன் சாமை திம்பான்?" என்று போட்டுடைத்துவிட்டார். அவர்கள் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். எனக்கு வந்த கோபத்தில், உண்மை பேசி அரிசி வாங்க முடியாது, இனிமேல் நாற்காலியில் உட்கார வேண்டாம் என்று கத்திவிட்டேன். அத்தை படுத்துக் கிடந்த மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வார்த்தைக்காக இன்றைக்கும் என்னை நானே மன்னிக்கவில்லை.

மறுநாள் தானாகவே வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவரை மிஞ்ச ஆளில்லை. கேமராவைக் கண்டதும் குரல் இறங்கும். பல்லில்லாத வாய் நிறையச் சாமைக் கூழைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விடுவார். "எல்லாம் இந்த மண்ணு குடுத்ததுங்க" என்பார். அதைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. ஒருவர் தன் சர்க்கரைக்கு மருந்தை நிறுத்திவிடட்டுமா என்று கேட்க, அத்தை பயந்துபோய், டாக்டரைக் கேளுங்க சாமி, நானும் மாத்திரை போடுகிறவள்தான் என்று சொல்லி என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அதையும் அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு ஐந்து கிலோ வாங்கிப் போனார். கார் வளைவு தாண்டியதும் அத்தை கூழ்க் கிண்ணத்தைத் தள்ளி வைப்பார். சோத்தப் போடு கண்ணு என்பார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

போன மார்கழிக் குளிரில் படுத்தவர் எழவில்லை. கஞ்சியும் இறங்கவில்லை. இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு ஒரு மத்தியானம், நெல்லுச்சோற்றைக் குழையப் பிசைந்து ரசம் ஊற்றி எடுத்துப்போனேன். வாசனைக்கே வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் மகள், திருப்பூரில் இருக்கும் அத்தையின் பெரிய மகனுக்கு வீடியோவில் காட்டலாம் என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். அத்தைக்குக் கண் மங்கலாகியிருந்தது. ஆனால் அவள் போனைத் தூக்கிய விதம் தெரிந்துவிட்டது.

தட்டைத் தள்ளினார். இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பையும் கூட்டி, "நமக்குச் சாமைதானுங்க, எப்பவும் சாமைதான்" என்றார்.

 போனை வாங்கி அணைத்தேன். அது கேமராக்காரர் இல்லை, உங்கள் பேத்திதான் என்று காதோரம் சொன்னேன். நம்பவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க அத்தை."

அப்புறம்தான் வாயைத் திறந்தார். நான்கு வாய் வாங்கினார். ஐந்தாவதைக் கையால் தடுத்துவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போனதை யாருகிட்டயும் சொல்லிப்போடாதே கண்ணு. சாமை தின்னவளே செத்துப்போயிட்டாளான்னு கேப்பாங்க. யாவாரம் படுத்துப்போகும்."

சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். மறுநாள் விடிந்து வெயில் ஏறும்போது போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்து கடை திறந்த அன்று ஈரோட்டிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, படத்தில் இருக்கும் பாட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. தவறிவிட்டார்கள் என்றேன். மனிதர் உச்சுக் கொட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எதுல போனாங்க? சர்க்கரை கிர்க்கரை இருந்துச்சா?" என்று கேட்டார். வயசுதான் என்றேன். படத்தை ஒருமுறை பார்த்தார். ஒரு பாக்கெட்டைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டார். இன்னொன்றையும் வைத்தார். மிளகு மட்டும் போதும் என்றார்.

எனக்குக் கோபமே வரவில்லை. மிளகை நிறுத்துக் கொடுத்தேன். அவருடைய கார் வளைவு தாண்டும்வரை சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு இதை உடனே அத்தையிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வேறு யாரிடம் சொன்னாலும் அவ்வளவு சிரிக்க மாட்டார்கள்.