ஜீப்புக்குள் போன வெள்ளை மண்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்கிறவர்களில் கொளஞ்சிநாதனைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால் போனதுதான். பன்னிரண்டு வயதில் மண் மூட்டை தூக்க வந்த ஆள், முப்பத்தெட்டு வயதில் சொந்தச் சூளைக்கு நெருப்பு வைத்தார். வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்குமே பீங்கான் ஃபியூஸ் கட்டை, அது அவர் பட்டறையிலிருந்து லாரி லாரியாகப் போனது. பதினான்கு பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் டிப்ளமோ. "படிச்சவன் மீட்டரப் பாப்பான், நான் நெருப்பப் பாப்பேன்" என்று அந்த இரண்டு பேர் காதில் விழும்படியே சொல்லுவார்.

சொன்னதில் பொய் இல்லை. சூளைச் சுவரில் விட்டிருக்கும் பார்வைத் துளையில் கண்ணை வைத்து, உள்ளே தெரிகிற நிறத்தைக் கொண்டே இன்னும் அரை மணி, இன்னும் கால் மணி என்று சொல்லிவிடுவார். இருபத்துநான்கு வருஷத்தில் அந்தத் துளையை இன்னொருவர் கண்ணுக்கு விட்டதில்லை. விஷக் காய்ச்சலில் கிடந்தபோதும் கட்டிலைத் தூக்கிச் சூளைப் பக்கத்தில் போடச் சொன்ன மனிதர்.

அப்படிப்பட்டவர், இரண்டாயிரத்து ஆறில் பொங்கல் கழிந்த வாரம், நான்கு நாள் தொண்டையில் சோறு இறங்காமல் திரிந்தார். காரணம் அவருடைய ஜீப்.

இருபது வருஷத்துப் பழைய டீசல் ஜீப் அது. நாலு சக்கரமும் இழுக்கும். மழைக்காலத்தில் மண் குழிக்குள் இறங்கி ஏற அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. அந்த ஜீப் கொஞ்ச நாளாகச் சூடேற ஆரம்பித்திருந்தது. பத்து கிலோமீட்டர் போனால் மீட்டரில் சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொடும், பானட்டைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். ஊருக்குள் ஓட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

சமாளிக்க முடியாமல் போனது அவர் வாயால்தான். மகள் பானுமதி கல்வராயன் மலையடிவாரத்தில் சுகாதார நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போலியோ சொட்டு மருந்து. மேலே நாலு மலைக் கிராமத்துக்கு மருந்தைக் கொண்டுபோக வேண்டிய ஜீப் ரிப்பேரில் நிற்கிறது என்று போனில் சாதாரணமாகத்தான் சொன்னாள். "என் ஜீப்பு இருக்கும்போது நீ எதுக்கு ஊரான் வண்டியத் தேடுற? உங்க டாக்டர் அம்மாகிட்ட சொல்லிடு" என்று இவர் பேச்சை முடித்துவிட்டார். அவளும் சொல்லிவிட்டாள். டாக்டர் அம்மா அதை நம்பி வேறு வண்டி கேட்காமல் விட்டுவிட்டார்.

மருந்து ஐஸ் பெட்டியில் போகிற மருந்து. வண்டி நடுமலையில் நின்றால் ஐஸ் உருகும், மருந்து வீணாகும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து காத்திருக்கிறவர்கள் திரும்பிப் போவார்கள். பெயர் கெடுவது பானுமதிக்கு.

திங்கட்கிழமை காலையில், ஞாயிற்றுக்கிழமை மகளுக்காக மலை ஏற வேண்டும் என்று சொல்லி, ஜீப்பைக் கலீல் ரஹ்மானிடம் கொண்டுபோய் விட்டார். மங்கலம்பேட்டைக்காரர். ஒன்பது வருஷம் சவூதியில் பாலைவன வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஷெட் போட்டிருந்தார். சூடேறுகிற வண்டி என்றால் சுற்று வட்டாரத்தில் அவர்தான்.

கலீல் ரேடியேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முக்கால்வாசிக் குழாய் அடைத்துக் கிடந்தது.

"போர் தண்ணி ஊத்தினீங்களா மொதலாளி?"

"ஆமாம் பாய்."

"அதான் உப்புக் கட்டியிருக்குது."

அந்த 'ஆமாம்' வாயை விட்டுப் போனதும் கொளஞ்சிநாதன் ரேடியேட்டரைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். உள்ளே கட்டியிருந்தது உப்பு இல்லை. அது அவருக்கு மட்டும் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் ரேடியேட்டர் ஒழுகியது. பின்னால் வந்த லாரிக்காரர், "மஞ்சத்தூள் போடுங்க, அடைஞ்சிடும்" என்றார். எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் எல்லோரும் செய்கிறதைக் கொளஞ்சிநாதன் செய்வாரா? சந்து பொந்தை அடைக்க மஞ்சள் தூளை விடச் சீனா மண் நைசு என்று அவருக்குத் தெரியாதா? பட்டறைக்கு வந்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிற வெள்ளை மண் கரைசலை மோர் மாதிரி நீர்க்கக் கலக்கி, ஒரு சொம்பு ஊற்றினார். ஒழுக்கு நின்றது. நின்ற சந்தோஷத்தில் இன்னொரு சொம்பும் ஊற்றினார். ஊரெல்லாம் சொல்லிக்கொள்ள நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முள் ஏற ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கலீல் வேலையில் குறை வைக்கிற ஆள் இல்லை. பழைய ரேடியேட்டரை மூலையில் போட்டுவிட்டு, அதைவிட ஒரு மடங்கு தடிமனான லாரி ரேடியேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அது உட்காருவதற்காக முன் பட்டியை அறுத்து வெல்டிங் வைத்தார். நாலு இறக்கை விசிறியை எடுத்துவிட்டு ஆறு இறக்கை விசிறி போட்டார். விசிறியைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூடு அடித்தார்.

"இது எதுக்கு பாய்?" என்று கேட்டார் கொளஞ்சிநாதன். எதற்கு என்று தெரிந்தேதான் கேட்டார். பேசாமல் நிற்க முடியவில்லை.

"கூடு இல்லன்னா விசிறி பக்கத்துல இருக்குற காத்த இழுத்துச் சுத்திக்கிட்டே கெடக்கும். கூடு இருந்தாதான் ரேடியேட்டர் வழியா இழுக்கும். உங்க சூளைக்குச் சந்து அடைக்க மாட்டீங்களா, அந்த மாதிரி."

சூட்டுக்குத் தக்கபடி தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டை முன்பு எந்த மெக்கானிக்கோ பிடுங்கிப் போட்டிருந்தார்; அதையும் புதிதாக வாங்கி வைத்தார். எல்லாம் சரி. ஆனால் இஞ்சினுக்குள்ளே, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற வழியில், மண் கிடக்குமே? புது ரேடியேட்டருக்கும் அது போய்ச் சேருமே? கொளஞ்சிநாதன் வாயைத் திறப்பார். "டீ சொல்லட்டுமா பாய்?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வார். புதன்கிழமைக்குள் கலீல் பதினோரு டீ குடித்திருந்தார்.

ராத்திரி பானுமதி போன் செய்தாள்.

"வண்டி நல்லாத்தான இருக்குது?"

"என் வண்டிக்கு என்ன? யான மாதிரி நிக்குது."

"நிக்கறது வேணாம்ப்பா. ஏறணும்."

வியாழக்கிழமை இரண்டு பேரும் பெண்ணாடம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். முதல் எட்டு கிலோமீட்டர் முள் அசையவில்லை. அப்புறம் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர், தாண்ட வழி இல்லை, மெதுவாகப் போக வேண்டியதாயிற்று. முள் நகர்ந்தது. பாதி. முக்கால். கலீல் வண்டியை ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து ஒவ்வொரு பைப்பாகத் தொட்டுப் பார்த்தார்.

"என் கையில இப்படி ஒரு வண்டி ஏமாத்தினதில்ல மொதலாளி. புது ரேடியேட்டரு, புது விசிறி, பம்பு நல்லா இருக்குது. அப்ப ஹெட் கேஸ்கட்டுதான் போயிருக்கணும். இஞ்சின் தலையக் கழட்டணும்."

"எவ்வளவு நாள்?"

"மூணு நாள் ஆகும்."

மூன்று நாள் என்றால் ஞாயிறு சாயங்காலம். கொளஞ்சிநாதன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். இல்லாத நோய்க்கு ஒரு நல்ல மெக்கானிக் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார். "நாளைக்குப் பாக்கலாம் பாய்" என்றுதான் அப்போதும் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கலீல் கை கால் கழுவித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "ஜும்மாவுக்குப் போயிட்டு வரேன் மொதலாளி. ஷெட்ட கொஞ்சம் பாத்துக்கங்க. வந்ததும் தலையக் கழட்டிடலாம்."

அவர் பைக் ரோட்டு முனை திரும்பியதும் கொளஞ்சிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தார். இஞ்சின் பக்கவாட்டில் தண்ணீர் வடிக்கிற திருகு ஒன்று உண்டு. அதைத் திறந்து ரகசியமாகக் கழுவிவிட்டால் தீர்ந்தது என்று கணக்கு. திறந்தார். ஒரு சொட்டு வரவில்லை. மேலே இத்தனை லிட்டர் தண்ணீர் நிற்கிறது, கீழே ஓட்டை திறந்திருக்கிறது, ஒரு சொட்டு இல்லை. கம்பியை விட்டுக் குத்தினார். ஒரு கட்டி விழுந்தது. பின்னாலேயே குபுக்கென்று பால் கூடின டீ நிறத்தில் சேறு அவர் சட்டை, கழுத்து, தாடை எல்லாவற்றிலும் கொட்டியது. கொஞ்சம் வந்து மறுபடி நின்றுவிட்டது. எத்தனை குத்தியும் வரவில்லை.

மண்ணை அறிந்தவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே அடி முழுக்கக் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் அடித்தால் போகாது.

துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே கலீல் வந்துவிட்டார். தரையில் கொட்டினது வெயிலில் ஓரம் வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் அப்படிக் காய்வது எது என்று குழந்தைக்கும் தெரியும். கலீல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"இது உப்பு இல்ல."

"இல்ல பாய்."

"உப்பு இப்படி வழுக்காது."

"நான்தான் ஊத்தினேன். ஒழுக்கு அடைக்க."

"எவ்வளவு?"

"ரெண்டு சொம்பு."

"ரெண்டா?"

"மொதல் சொம்புலயே நின்னுடுச்சி. ரெண்டாவது ஒரு பாதுகாப்புக்கு."

கலீல் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திட்டப் போகிறார் என்று கொளஞ்சிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அறுபத்திரண்டு வயதில் அவர் யார் முன்னாலும் குனிந்ததில்லை.

"ஒம்போது வருஷம் பாலைவனத்துல இருந்தேன். அங்க வண்டியில எங்க தொட்டாலும் மணலு. ஆனா தண்ணி ஓடுற வழியில எந்த அரபியும் ரெண்டு சொம்பு அள்ளி ஊத்தல மொதலாளி."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"பதினோரு டீ வாங்கிக் குடுத்தீங்க. அதுல ஒரு டீயோட சொல்லியிருக்கலாம்."

கலீல் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "தலையக் கழட்டிச் சுரண்டினாலும் ஞாயித்துக்கிழமைக்கு ஆகாது. பாப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க."

அப்போதுதான் கொளஞ்சிநாதன் நிமிர்ந்தார். "இருங்க பாய். பட்டறையில மண் கரைசல் கெட்டியா ஒறஞ்சிட்டா நாங்க தண்ணி ஊத்த மாட்டோம். சலவ சோடாவ வெந்நீர்ல கரைச்சி ஊத்துவோம். கல்லு மாதிரி கெடக்குறது பாலா ஓடும்."

"சோடா இஞ்சினத் தின்னாதா?"

"அத நீங்கதான் சொல்லணும். மண்ண நான் சொல்லிட்டேன்."

கலீல் யோசித்தார். "பிளாக்கும் தலையும் வார்ப்பிரும்பு. அலுமினியமா இருந்தா ஒத்துக்க மாட்டேன். இதுக்குப் போடலாம்."

தெர்மோஸ்டாட்டை எடுத்தார்கள். புது ரேடியேட்டரைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்துப் பைப் தண்ணீரில் அலசி வைத்தார்கள். மூலையில் கிடந்த பழைய ரேடியேட்டரில் குழாய்க்குள் கம்பி விட்டு வழி பண்ணி, அதையே தற்காலிகமாக மாட்டினார்கள். கலீல் சோடா பொட்டலத்தை அப்படியே கவிழ்க்கப் போனபோது கொளஞ்சிநாதன் கையைப் பிடித்துவிட்டார். "அளவு மிஞ்சினா மறுபடி கட்டிக்கும். ரெண்டு பிடி போதும்." அரை மணி இஞ்சினை ஓடவிட்டு, திருகைத் திறந்தார்கள். இந்தத் தடவை குத்த வேண்டியிருக்கவில்லை. வெள்ளையாக, தடையில்லாமல், வாளி வாளியாக வந்தது. கொளஞ்சிநாதன் விரலில் தேய்த்துப் பார்த்து, "இன்னும் இருக்குது" என்றார். மறுபடி ஊற்றினார்கள். சனிக்கிழமை மதியம் வரைக்கும் ஆறு தடவை. ஆறாவது தடவை வந்த தண்ணீரில் அவர் விரல் வழுக்கவில்லை.

புது ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் திரும்ப மாட்டி, சாயங்காலம் ஸ்ரீமுஷ்ணம் வரை போய் வந்தார்கள். முள் பாதியைத் தாண்டவில்லை. "சமதரையில எல்லா வண்டியும் ஓடும்" என்று கலீல் முகத்தைத் தளர்த்தாமல் சொன்னார். "நாளைக்கு நானும் வரேன்."

ஞாயிறு காலை மலையடிவாரத்தில் பானுமதி ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கலீலின் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாவது கியரில் வண்டி ஏறியது. கொளஞ்சிநாதனின் கண் ரோட்டில் இல்லை, முள்ளில் இருந்தது. மூன்றாவது வளைவில் பாதி. ஐந்தாவதில் பாதிக்கு மேல் ஒரு நூல். எதிரே வந்த மாட்டைக் கடைசி நிமிஷத்தில் பார்த்துத் திருப்பினார். பின்னால் ஐஸ் கட்டிகள் கடகடவென்று இடித்தன.

கலீல் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த மீட்டரை மூடினார்.

"பாய், எடுங்க."

"நீங்க ரோட்டப் பாருங்க மொதலாளி. முள்ள நான் பாத்துக்கறேன். நிறுத்தணும்னா சொல்றேன்."

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எடுக்கச் சொல்லிச் சண்டை போட இடம் இல்லை. கலீல் துண்டின் ஓரத்தை விலக்கிப் பார்ப்பதும் மூடுவதும் கடைக்கண்ணில் தெரிந்தது. என்ன தெரிகிறது என்று தெரியவில்லை. கொளஞ்சிநாதனின் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பதினோராவது வளைவில், தார் முடிந்து வெறும் கல்லாகிற இடத்தில், கலீல் துண்டை விலக்கினவர் மூடவே இல்லை. மூச்சு விடுகிற சத்தமும் இல்லை. 'நிறுத்து' என்று சொல்லப் போகிறார், இப்போது சொல்லப் போகிறார் என்று கொளஞ்சிநாதன் காதைத் தீட்டிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தார். கலீல் சொல்லவில்லை. துண்டு மறுபடி மூடியது.

முதல் ஊர் வந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இருபது பெண்களுக்கு மேல் நின்றார்கள். பானுமதி பெட்டியைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். ஐஸ் இன்னும் கட்டியாகச் சத்தம் போட்டது. அவள் இறங்கிப் போய்விட்டாள்.

கொளஞ்சிநாதன் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு ஏறிச்சி பாய்?"

"எங்க?"

"பதினோராவது வளைவுல."

கலீல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தார். "மூணு மாசம் நீங்க சொல்லாம வச்சிருந்தீங்க. ஒரு மூணு நாள் நானும் வச்சிக்கறேன்."

பானுமதி திரும்பி வந்து ஏறினாள். இன்னும் மூன்று ஊர் மேலே இருந்தது. கொளஞ்சிநாதன் சாவியைத் திருப்பினார். துண்டை எடுக்கச் சொல்லவில்லை.