ஊசியை முறித்த பலாச்சுளை

சென்ற பலாக் காலத்தில், சமையலறை ஜன்னலில் கை நீட்டிய குரங்கை விரட்டப்போய் என் மனைவி முழங்கையில் கடி வாங்கினாள். முதல் ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒண்டிக்கடை கடைத்தெருவுக்கு நடந்து வருவதற்குள் பத்தியம் முளைத்துவிட்டது. கோழியும் முட்டையும் ஆகாது என்றார் மளிகைக்கடைக்காரர். பக்கத்துக் கடைக்காரர் கத்தரிக்காயைச் சேர்த்தார். டீக்கடைக்காரர் தன் பங்குக்குப் பலாவை. நானும் ஏதாவது சேர்க்காவிட்டால் மரியாதையில்லை என்று கருவாட்டைச் சொல்லிவைத்தேன். எனக்கு அது பிடிக்காது.

வீட்டில் இரண்டு சமையல் கிடையாது. ஆகவே கடி படாத நானும் பத்தியம். பக்கத்து எஸ்டேட்டில் காப்பிச் செடிகளுக்கு மேலே பலா பழுத்துக்கொண்டிருந்தது. பனி அந்த வாசனையைத் தூக்கிவந்து கட்டிலோரம் வைத்துவிட்டுப் போகும். கனவில் நான் ஒரு சுளைக்குள் படுத்திருப்பேன். சுற்றிலும் மஞ்சள் வெளிச்சம். விழித்தால் மிளகு ரசம்.

அடுத்த ஊசிக்கு முந்தின நாள், மஞ்சக்குட்டையில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு ஷேர் ஜீப்பில் திரும்பினோம். பனியில் பாதையும் தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவர் முகமும் தெரியவில்லை. எல்லோரும் அரைத்தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தோம். யாரோ ஒரு அம்மா ஒவ்வொருவர் கையிலும் எதையோ வைத்தார். மனைவி விழுங்கிய பிறகுதான் அது பலாச்சுளை என்று புரிந்தது.

"மருந்து முறிஞ்சு போச்சுங்க," என்றாள். "இனி ஊசியப் போட்டு என்ன ஆகப்போவுது? நான் வரலீங்க."

வீட்டுக்கு வந்ததும், முறிவெல்லாம் நாட்டு மருந்துக்குத்தான் என்று புத்தகங்களை விரித்து வெகுநேரம் விளக்கினேன். நான் சொல்லி அவள் எதையும் கேட்டதில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெறிநோய் வந்துவிட்டால் மீட்சி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. மறுநாள், ஊசி வேண்டாம், முறிந்ததா இல்லையா என்று கேட்டுவிட்டு மட்டும் வரலாம் என்று அழைத்துப்போனேன்.

நர்ஸ் சிரிக்கவில்லை. "பலாவோ கோழியோ, எதுவும் இத முறிக்காதுங்க்கா. நீங்க வராம உட்டாத்தான் முறியும்."

மனைவி ஊசிக்குக் கையை நீட்டினாள். எனக்குப் போன மூச்சு வந்தது. பிறகு என்னைக் காட்டி, "இவருங்க? கடி படாமயே பத்தியம் இருக்காரு," என்றாள்.

நர்ஸ் என் தொந்தியை நிதானமாகப் பார்த்தார்.

"அவரு வேணா தொடரட்டுங்க்கா."

வெளியே பனி இறங்கியிருந்தது. அவள் முன்னால் நடந்தாள், பலா வாசனை வந்த திசையில்.