உப்புப் போட்ட சாம்பிள்

நாலைந்து வருடங்களுக்கு முன், மரக்காணத்தில் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடந்த ஒரு கோடையில் நடந்தது இது. எனக்கும் என் கணவருக்கும் உப்பளத்தில்தான் வேலை. இருவருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் கொடுக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு வேளை விடாமல் விழுங்கிக்கொண்டு எல்லாரையும் போலத்தான் இருந்தோம்.

அந்தக் கோடையில் எனக்கு வயிற்றால் போக ஆரம்பித்து, நிற்கவே இல்லை. எங்கள் உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்திதான். மறைவுக்கு ஒரு செடிகூடக் கிடையாது. நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நோயில் இப்படி வயிற்றால் போய், இளைத்து, எழுந்திருக்காமலே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை இனிக் கேட்காது, என் கதை முடிந்தது என்று நானே தீர்மானித்துவிட்டேன்.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். மோஷன் டெஸ்ட்டும் எழுதி, சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து, மறுநாள் காலையில் சீக்கிரம் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் டப்பாவை மூடப்போகும்போது கணவர் தடுத்தார்.

"இரு, பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள இந்த வெயில்ல கெட்டுப்போயிடாது?"

எனக்கும் நியாயமாகவே பட்டது. மீந்த மீனானாலும் மாங்காயானாலும் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே வைத்தியம்தான். டப்பா நிறைய உப்பை அள்ளிப் போட்டு இறுக்கி மூடினேன். போதாதென்று அவர் டப்பாவைச் சுற்றியும் உப்பைக் கொட்டி, காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கூடையில் வைத்தார்.

அனுமந்தையில் பஸ் ஏறிய மீன்கார அம்மா ஒருவர் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடையிலிருந்து உதிர்ந்த உப்பைப் பார்த்துவிட்டு, என்ன கருவாடு என்று விசாரித்தார். கணவர் அசரவே இல்லை.

"விக்கறதுக்கு இல்லக்கா. டாக்டர் கேட்டாரு, எடுத்துக்கினு போறோம்."

டாக்டருக்குக் கொடுப்பதை நல்லதாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மா இறங்கும்வரை புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏ.ஆர்.டி. சென்டர் வராண்டாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். பெண்கள் முந்தானையாலும் ஆண்கள் துண்டாலும் பாதி முகத்தை மறைத்திருப்போம். லேபில் இருந்த அம்மா டப்பாவைத் திறந்த வேகத்தில் வெளியே வந்தார். உப்புப் போட்டால் கிருமியெல்லாம் சுருங்கிப்போகும், மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்ப்பது, யார் போடச் சொன்னார்கள் என்று மெதுவாகத்தான் கேட்டார். என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வராண்டாவுக்கே கேட்கும்படி பேசினார்.

"ஏம்மா, நாங்க உப்பளத்துல வேலை செய்றவங்க. கெடக்கூடாதுன்னா உப்பு போடாம சக்கரையா போடுவோம்?"

முதலில் ஒரு துண்டு குலுங்கியது. அடுத்து ஒரு முந்தானை. அப்புறம் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. விழுந்து விழுந்து சிரிக்கும்போது துணியைப் பிடித்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? ஒவ்வொரு முகமாக வெளியே வந்தது. அதில் ஒன்று, எங்களுக்குப் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவருடையது. அவர் எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டார். நாங்களும்தான். பிறகு அதற்கும் சேர்த்துச் சிரித்தோம்.

இன்னொரு சாம்பிள் கொடுப்பது அன்றைக்கு எனக்கு ஒரு கஷ்டமே இல்லை. சில நாள் கழித்து முடிவுகளைப் பார்த்த டாக்டர், "மாத்திரை நல்லாதான் வேலை செய்யுது. இது தண்ணியில வந்த கிருமி. மருந்து தர்றேன், சரியாயிடும்" என்றார். நான் அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

இப்போது அந்தப் பக்கத்துப் பாத்திக்காரரும் நாங்களும் உப்பளத்தில் ஒரே குடத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் குடிக்கிறோம். மீனையும் மாங்காயையும் போல, யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற என் பயத்தையும் அதுவரை உப்புப் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த வராண்டாவில் அது கெட்டுப்போனதுதான் எனக்குக் கிடைத்த நல்ல மருந்து.