மண்டபத்து முற்றத்து நாணல்

மாங்குளத்து மணலில் கிணறு கட்டினேன், கல்வீடு எழுப்பினேன். என் அரைகுறைப் படிப்போடு மகளுக்கு ஒரு கல்யாண மண்டபமும் கட்டிக்கொடுத்தேன். அதன் முற்றத்தில் மருமகன் வைத்த வெளிநாட்டுப் புல் வெயிலில் கருகிப்போனது. நான் காட்டாற்று மணலில் நின்ற நாணலை வேர்மண்ணோடு பெயர்த்துவந்து, மாரிக்கு முன் நட்டேன். எருப் பட்டால் நாணல் கொழுத்துச் சாய்ந்துவிடும். மருமகன் கொட்டிய எருவையெல்லாம் நானே அள்ளி எறிந்தேன்.

இன்று பொம்பிளை மாப்பிள்ளை எல்லோரும் அந்த நாணலின் வெள்ளைப் பூவுக்கு முன்னால்தான் படம் எடுக்கிறார்கள். நேற்று வந்த ஒருவர், "ஆர் நட்டது?" என்று கேட்டார்.

"காட்டுப்புல்லு அண்ணை, தானா முளைச்சது," என்றார் மருமகன். நான் பக்கத்தில்தான் கதிரையில் இருந்தேன்.

வந்தவர் வாசல் பக்கம் நடந்ததும் மருமகனிடம் சொன்னேன்: "தானா முளைக்கிறதெண்டால் முந்தி ஏன் முளைக்கேல்லை, தம்பி? இனி ஆர் கேட்டாலும் மாமா நட்டதெண்டு சொல்லுங்கோ. இப்பவே அந்த வந்தவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ."