எலிப் படம் காட்டிய சனிக்கிழமை

என் மகள் நாலு வயதில் ஒன்பது நாள் தன் அப்பாவிடம் போகவில்லை. அவர் தூக்க வந்தால் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவர் கையால் ஒரு வாய் சோறு வாங்கமாட்டாள். அதுவரை அவர் தோளைவிட்டு இறங்காத பெண். அவர் அடித்துவிட்டாரோ என்று கேட்டார்கள். அவர் அடிக்கவே இல்லை. நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரு கார்ட்டூன் படம்தான் காரணம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய பாலர் பள்ளியில் நான் டீச்சர். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருபது பிள்ளைகள். என் மகளும் அதில் ஒருத்தி. இருபது பேர் வீட்டிலும் தறி. என் வீட்டுக்காரருக்கும் நெசவுதான். யாரோ ஒரு புண்ணியவான் பள்ளிக்குப் படம் காட்டும் மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். மாதம் ஒருமுறை மெட்ராஸிலிருந்து தகரப் பெட்டியில் ஆறு படச்சுருள் வரும். எதைக் காட்டுவது, எவ்வளவு நேரம் காட்டுவது என்பதெல்லாம் என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். "பால் பல்லு வுழுவறதுக்குள்ள சினிமாவா? வெளங்கினாப்பலதான்" என்று தெருவில் பேசியவர்களின் வாயை அடைக்க வேண்டும் என்றே சட்டங்கள் போட்டிருந்தேன். சனிக்கிழமை காலை மட்டும். ஒரு சுருள் பத்து நிமிடம். இரண்டு சுருளுக்கு மேல் கிடையாது. நடுவில் எல்லோரும் கண்ணை மூடி இருபது எண்ண வேண்டும். முந்தின நாள் மாலை நானே தனியாக உட்கார்ந்து ஆறையும் ஓட்டிப் பார்ப்பேன். கரடி மாடிப்படியில் உருண்டு விழுந்தால் அது பெட்டிக்குள் திரும்பிப் போகும். நாய் சுத்தியலால் அடித்தால் அதுவும் போகும். பார்த்ததைச் செய்கிற வயது. நாளைக்கு ஒருத்தன் மண்டை உடைந்தால் யார் பதில் சொல்வது?

அந்த வாரம் மிஞ்சியது எலிப் படம். வேடன் வலை விரிக்கிறான், பறவைகள் சிக்கிக்கொள்கின்றன, எலி வந்து வலையைக் கடித்து அறுக்கிறது, பறவைகள் பறந்துபோகின்றன. கடைசியில் வேடன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு அறுந்த வலையைப் பின்ன உட்காருவான். அடி இல்லை, ரத்தம் இல்லை, இரக்கம் இருக்கிறது. தங்கமான படம் என்று நினைத்தேன்.

படத்தில் பேச்சு இங்கிலீஷ். அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு நான்தான் கதை சொல்வேன். திரையாகச் சுவரில் கட்டிய என் வீட்டுக்காரர் வேட்டியில் வலை விரிந்ததும் ஒரு குரல், "வலைன்னா இன்னா டீச்சர்?" பாலாற்றில் மணலைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளைகள், வலையை எங்கே கண்டார்கள்? தெரிந்ததைச் சொல்லித் தெரியாததை விளங்க வை என்பது எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாடம். சொன்னேன். "உங்க ஊட்டுத் தறியில நூலு இழுத்துக் கட்டியிருக்குது இல்ல? அந்த மாதிரிதான். அதுக்குள்ள குருவிங்க மாட்டிக்கினு இருக்குது, பாவம்."

படம் முடிந்ததும் கேட்டேன். "மாட்டிக்கினு இருக்கிற குருவியப் பாத்தா நாம இன்னா பண்ணணும்?"

"அறுத்து வுடணும் டீச்சர்!"

மூன்று முறை சொல்ல வைத்தேன். உரக்கச் சொன்ன என் மகளுக்குக் கல்கண்டு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஜரிகை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். தறியில் ஒரு முகூர்த்தப் புடவை, முந்தானை ஏறிக்கொண்டிருந்தது. முந்தானை முழுக்க அன்னப்பட்சி. கூடத்தில் மகளின் சத்தமே இல்லை. பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் போய்ப் பார் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். எனக்கு மட்டும் அன்றைக்கு அது தோன்றவில்லை.

"அய்யோ!" என்று கடையிலிருந்து திரும்பி வந்த அவர் குரல் கேட்டுத்தான் ஓடினேன். அவள் தறிப் பலகைமேல் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் நூல் கத்தரி. நெய்த துணிக்கு முன்னால் விறைப்பாக நின்ற பாவு நூலில் ஒரு சாண் அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. ஒன்றா, இரண்டா? நூற்றுக்கணக்கில். அவர் கை ஓங்கி நின்றது. அவள் பயப்படவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அறுத்து வுட்டுட்டேன் டீச்சர்" என்றாள். வீட்டில் அவள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. "இன்னா சொல்லிக் குடுத்த நீ?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

"எத்தினி புள்ளைங்க பாத்துச்சு?"

"இருபது."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்னும் பத்தொன்பது வீடு, பத்தொன்பது தறி, ஒவ்வொரு தறி ஓரத்திலும் ஒரு கத்தரி. பள்ளி விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"பாத்துக்கினு நிக்கிறியே, ஓடு" என்றார். கோயிலுக்குக் கிழக்கே இருந்த வீடுகளுக்கு அவர் சைக்கிளில் பறந்தார். மேற்கே நான், மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உச்சி வெயிலில், செருப்பில்லாமல்.

முதல் வீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. "கத்தரிய எடுத்து மேல வைங்க" என்றேன், மூச்சிரைக்க. "இன்னா டீச்சர், பேய் புடிச்சாப்பல ஓடியார?" என்றார் அந்த வீட்டுக்காரர். விளக்கம் சொல்ல நேரமில்லை. அதன் பிறகு காதுதான் எனக்கு வழிகாட்டியது. தறிச் சத்தம் தெருவரைக்கும் கேட்டால் மூச்சு வரும். கேட்காத வீட்டில் நேரே தறிக்கு ஓடுவேன். ஆறாவது வீட்டில் அப்படித்தான் சத்தமில்லை. உள்ளே போனால் தறி முன்னால் அம்மாவும் மகனும் கத்தரியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். "வந்ததுலேர்ந்து இத்த குடு குடுன்னு ஒரே அழுவை டீச்சர்" என்றாள். தறியில் பாதி மயில் ஏறியிருந்தது. கத்தரியை வாங்கி நானே பரண்மேல் வைத்தேன்.

எல்லா வீட்டிலும் "நான்தான் சொல்லிக் குடுத்தேன், தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டே நகர்ந்தேன். ஒரு பெரியவர் "இதுக்குத்தான் அந்த மெஷினே வாணாம்னேன்" என்று கத்தினார். நான் அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

கோயில் முன்னால் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பக்கம் எல்லாத் தறியும் பத்திரம். மிச்சம் ஒரே வீடு, செவிலிமேட்டில். என்னைப் பின்னால் உட்காரவைத்து, மகளை முன்பார்மேல் வைத்து மிதித்தார். அவளுக்கு ஒரே கொண்டாட்டம். எலிக் கதையை அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் இன்னும் வேகமாக மிதித்தார்.

செவிலிமேட்டு வீட்டில் கதவு சாத்தியிருந்தது. தறிச் சத்தம் இல்லை. தட்டினேன். ஈரக் கையோடு அந்த அம்மாள் வந்து திறந்தாள். வீட்டுக்காரர் வாலாஜாபாத் போயிருக்கிறாராம், இவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பையன் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். கத்தரி அவன் மடியில் இருந்தது. பாவு நூலைப் பார்த்தேன். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

"ஏன்டா, நீ அறுக்கலையா?" என்று கேட்டேன். புத்தி கெட்ட கேள்விதான், ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

"எங்க தறியில குருவியே இல்ல டீச்சர்" என்றான், அழுகிற குரலில். "தேடித் தேடிப் பாத்தேன். வெறும் கட்டம்தான் இருக்குது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மகள் குறும்பு செய்யவில்லை. தறியைக் கெடுக்கவும் இல்லை. முந்தானையில் மாட்டிக்கொண்டிருந்த அன்னங்களை விடுவித்திருக்கிறாள். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருக்கும் அது கேட்டது. அவர் மகளைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே அவர் உட்கார்ந்தார். அறுந்த ஒவ்வொரு இழையையும் தேடி எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு, புது நூலோடு முறுக்கிப் பிணைக்க வேண்டும். மூன்று நாள் வேலை. மகள் வாசற்படியில் நின்று பார்த்தாள். நாலைந்து இழை சேர்ந்ததும் "வாணாம்பா, வுட்ருப்பா" என்றாள். "இது துணிம்மா" என்று அவர் சிரித்தார். அவள் பின்வாங்கிக்கொண்டே வந்து என் புடவையைப் பற்றிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு அந்தப் படத்தின் கடைசிக் காட்சி ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்து வலையைப் பின்னும் வேடன். பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று நான் இரண்டாவது தடவையும் ஓட்டிக் காட்டிய காட்சி.

அதிலிருந்து அவள் அவரிடம் போகவில்லை. "அடிச்சிருந்தா ரெண்டு நாளுல மறந்திருக்கும்" என்றார் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால். "என்னப் பாத்தா வேடனாட்டமா இருக்குது?" பத்து நிமிடம் என்று கடிகாரம் பார்த்து மெஷினை நிறுத்தியவள் நான். இவள் தலைக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை படம் காட்டவில்லை. பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், தறியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். படம் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

ஒன்பதாம் நாள் புடவை முடிந்தது. முடிந்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுப்பது நெய்தவர் கையால்தான் நடக்கும். கற்பூரம் காட்டி, சாமியைக் கும்பிட்டு அறுப்பார். வேறு யாரையும் தொடவிட்டதில்லை, என்னையும்கூட. அன்றைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"கத்தரி எடுத்துக்கினு வாம்மா."

கத்தரியைக் கண்ணில் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தேன். "எடுத்துக் குடு" என்றார் என்னிடம். கொடுத்தேன். அவள் கிட்டே வரவில்லை, எட்டியே நின்றாள்.

"அன்னிக்கு அன்னத்துக்கு ரெக்கை இல்லம்மா" என்றார். "பாதிதான் நெய்ஞ்சிருந்தேன். அப்ப வுட்டா எப்பிடிப் பறக்கும்? இப்ப பாரு, ரெக்கை வந்துடுச்சு. இப்ப அறு."

அவள் முந்தானையைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு அன்னமாக, இரண்டு பக்கமும் இறக்கை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு இரண்டு கையாலும் கத்தரியைப் பிடித்து, ஒரு கரையிலிருந்து மறு கரைவரை கோணல்மாணலாக அறுத்தாள். புடவை நழுவி அவர் மடியில் விழுந்தது.

தறியில் மிச்சமிருந்த பாவு நூலைக் காட்டிக் கேட்டாள், "இதுலப்பா?"

"இதுல இன்னும் பொறக்கலம்மா."

அவள் யோசித்தாள். பிறகு கத்தரியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல அவர் தோளில் ஏறிக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதேன்.