வேளாங்கண்ணிக்கு மலிவான வழி

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரத்துத் தமிழர்களில் அறுபதைத் தாண்டியும் தலைமுடி கொட்டாத ஆம்பிளை ஸ்ரனிஸ்லாஸ் ஒருவர்தான். தமிழ்ப் பூசையில் மற்றவர்களின் தலைகள் மெழுகுதிரி வெளிச்சத்துக்கு மினுங்கும். இவருடையது மினுங்காது. அடர்ந்து சுருண்டு, பின்னால் வாரி, தவறாமல் கறுப்பு மை பூசி நிற்கும். வேலை செய்கிற ஜன்னல் தொழிற்சாலையில் தூசிக்கென்று தந்த தொப்பியைக்கூட, மேற்பார்வையாளர் வரும்போது மட்டும்தான் போடுவார்.

அந்த முடியைத்தான் மனைவி விமலராணி மாதாவுக்குக் கொடுத்துவிட்டாள். அவரை ஒரு சொல் கேட்கவில்லை.

மகள் மரினாவுக்கு விபோர்க் ஆஸ்பத்திரியில் குழந்தை நாளுக்கு முந்திப் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. நடையில் நின்ற விமலராணி, "வேளாங்கண்ணி மாதாவே, பிள்ளையைக் காப்பாற்றித் தா, இவரைக் கூட்டிவந்து உனக்கு மொட்டை அடிக்கிறன்" என்று நேர்த்தி வைத்தாள். பிள்ளை தேறியது. இப்போது கதிரைகளைத் தள்ளி விழுத்துகிற வயது.

"உம்மட முடியைச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார் ஸ்ரனிஸ்லாஸ்.

"என்ர முடியில என்ன கிடக்கு? மாதாவுக்குக் குடுக்கிறதெண்டால் நல்ல சாமானாக் குடுக்கவேணும்."

அந்தப் புகழ்ச்சியில் முடியை ஒருதரம் வாரிவிட்டுக்கொண்டார். பிறகு சாட்டுச் சொல்லத் தொடங்கினார். இந்தியா டிக்கெட் ஏறிக் கிடக்கிறது, இறங்கட்டும், போவோம். அதை மறுத்துப் பேச ஊரில் ஆளில்லை. டிக்கெட் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சொல். மற்ற ஆம்பிளைகள் பந்தடி பார்க்கிற நேரத்தில் அவர் விமான விலைகளைப் பார்ப்பார். அதிலும் தென்கிழக்காசியாப் பக்கம் என்றால் உயிர். பக்கத்து நகரமான ஹோர்சன்ஸுக்குப் போய்வருகிற காசுக்கு அங்கே நாடு விட்டு நாடு பறக்கலாம் என்பதை ஞானஸ்நான வீடு, பிறந்தநாள் வீடு என்று பாராமல் விளக்குவார்.

"முந்தி இரண்டு அரசாங்கம் மேசையில குந்தியிருந்து, கிழமைக்கு இத்தினை பிளேன், இன்ன கம்பனி, இன்ன ஊருக்கு மட்டும் எண்டு சம்பந்தம் பேசிற மாதிரிப் பேசும். பிறகு பக்கத்துப் பக்கத்து நாடெல்லாம் சேர்ந்து, ஆரும் ஆற்றை ஊருக்கும் பறவுங்கோ எண்டு கையெழுத்து வைச்சிட்டுதுகள். போட்டி வந்தது, விலை விழுந்தது. வானத்தையே திறந்துவிட்டாங்களடாப்பா!"

"யேசு ஞானஸ்நானம் பெறேக்க யோர்தான் ஆற்றில வானம் திறந்த மாதிரியோ அண்ணை?" என்பார் செல்வரட்ணம். இப்படிப்பட்ட வீடுகளில் அவருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிற ஆள்.

"அதில ஒரு புறாதான் வந்தது. இதில நூற்றெண்பது சீற்."

இப்படி இருக்கும்போது ஹோர்சன்ஸில் இருக்கிற தம்பி மகன் நிரோஜன் மலேசியாவின் பினாங்குப் பெட்டை ஒருத்தியைக் கட்டுவதாகச் செய்தி வந்தது. கலியாணம் பினாங்கில். ஸ்ரனிஸ்லாஸ் கணினியில் வரைபடத்தை விரித்தார். பினாங்குக்கு நேரெதிரே, ஒரு துண்டுக் கடலைத் தாண்டினால் இந்தோனேசியாவின் மேடான். மேடானில் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு கோயில். ஏறி, பெல்ட் கட்டி, அவிழ்த்தால் மேடான். விலையைப் பார்த்து அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

முடி இறக்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்களா என்று அவர் எவ்வளவு தேடியும் இணையம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்த தமிழ்ப் பூசை முடிந்ததும் ஃபாதரைப் பிடித்தார். "ஃபாதர், நாகப்பட்டினத்து மாதாவும் மேடான் மாதாவும் ஒரே ஆள்தானே?"

"மாதா ஒருவர்தானே, ஸ்ரனிஸ்லாஸ்."

"அது காணும் ஃபாதர்." முடிக் கதையை அவர் எடுக்கவேயில்லை.

வீட்டில் இதைக் கேட்ட மரினா, "நை, பப்பா" என்று டேனிஷில் தொடங்கி, இது ஏமாற்று வேலை என்ற பொருள்பட நீளமாக ஏதோ சொன்னாள். விமலராணி மட்டும் மறுக்கவில்லை. "சரி, போவம்" என்றாள். முப்பத்தைந்து வருடக் குடும்பத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னது கிடையாது. அவர் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை.

கலியாணத்தில் ஸ்ரனிஸ்லாஸ் முடியைச் சிலுப்பி ஆடினார். மறுநாள் கடலைத் தாண்டினார்கள். மேடான் கோயில் கோபுரமும் மாடமும் வண்ணமுமாக, தேவாலயமா அரண்மனையா என்று ஒரு நிமிடம் தடுமாற வைத்தது. விமலராணி உள்ளே முழங்காலில் இருந்து அழுதாள். ஸ்ரனிஸ்லாஸ் வளவைச் சுற்றிவந்தார். சவரக்கத்தியோடு ஒருவரும் நிற்கவில்லை. இரண்டாம் முறையும் சுற்றினார். இல்லை. அப்போதுதான் அவருக்கும் பக்தி வந்தது. பெரிய மெழுகுதிரியாகப் பார்த்து வாங்கிக் கொளுத்தினார்.

"என்ன செய்யிறது விமலா, இஞ்ச அந்த வசதி இல்லைப் போல. நாங்கள் வந்தது மாதாவுக்குத் தெரியும்தானே."

"ஓம், தெரியும்" என்றாள் விமலராணி, படியில் இருந்து மூக்கைத் துடைத்தபடி. "வடிவான கோயில். கும்பிட்டாச்சு. நாளையிண்டைக்குத் திருச்சிக்குப் போறம்."

"எங்கை?"

அவள் கைபேசியை நீட்டினாள். கோலாலம்பூர், திருச்சி. இரண்டு பேர். கைப்பை மட்டும்.

"இதை எப்ப போட்டனீர்?"

"டென்மார்க்கிலயே போட்டிட்டன். நீங்கள்தானே வீடு வீடாய்ச் சொல்லித் திரிஞ்சனீங்கள், கோலாலம்பூருக்குப் போனால் அங்கையிருந்து எல்லா இடமும் மலிவு எண்டு. திருச்சியால வேளாங்கண்ணிக்குக் கார் பிடிக்கலாம். வீட்டை போற பிளேனுக்கு இன்னும் நாள் கிடக்கு."

"விசா?"

"மரினா எடுத்துத் தந்தவள். உங்கட படம் கேட்டவங்கள். முடியோட இருக்கிறதையே அனுப்பினவள், பாவம்."

ஸ்ரனிஸ்லாஸ் கடைசி வாசலைத் தட்டிப் பார்த்தார். "போகாட்டிக் காசு திருப்பித் தருவாங்களோ?"

"இதென்ன கேள்வி? மலிவு டிக்கெட்டுக்கு ஆர் திருப்பித் தாறது? நீங்கள் சொன்னதுதான்."

அவர் படியில் குந்தினார். காய்ச்சலோடு பறந்திருக்கிறார். பல்லுவலியோடு பறந்திருக்கிறார். பணம் கட்டிய இருக்கையை வெறுமையாய்ப் பறக்கவிட்ட பாவத்தை மட்டும் அவர் செய்ததில்லை. ஒரு கையால் முடியைத் தடவினார். மறு கையால் கைபேசியை வாங்கி விலையைப் பார்த்தார்.

"நல்ல விலைக்குத்தான் எடுத்திருக்கிறீர்" என்றார்.

வேளாங்கண்ணியில் முடியிறக்குகிறவர் தலையில் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கேட்டார்: "சார், முழு மொட்டையா? பூமுடியா?"

"அதென்ன பூமுடி?"

"சும்மா மூணு தடவை கத்தரிக்கோலால நறுக்கிறது. அவ்வளவுதான்."

ஸ்ரனிஸ்லாஸ் கண்கள் விரிய மனைவியைப் பார்த்தார். மொட்டையிலும் மலிவு வகுப்பு இருக்கிறது!

"முழுசா அடியுங்கோ" என்றாள் விமலராணி. கையில் பேத்தியின் படம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் வேறு பேச்சுப் பேசாமல் தலையைக் குனிந்தார்.

முதல் சுருள் மடியில் விழுந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஆளைத் தேற்றவோ என்னவோ, முடியிறக்குகிறவர் கதை கொடுத்தார். "எங்கேர்ந்து வர்றீங்க? டென்மார்க்கா? என் தம்பிகூட சிங்கப்பூர்லதான் இருக்கான் சார். பொங்கலுக்கு வரணும்னா டிக்கெட் யானை விலை, குதிரை விலை சொல்றான்."

ஸ்ரனிஸ்லாஸ் ஒரு கண்ணைத் திறந்தார். "அவர் ஏன் சிங்கப்பூரில ஏறுறார்?"

"பின்ன எங்க சார் ஏறுவான்?"

"பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள்ள வரச்சொல்லும். வந்து கோலாலம்பூரில ஏறச்சொல்லும். வெள்ளிக்கிழமை வேண்டாம். செவ்வாய், புதன் பாக்கச்சொல்லும். அந்த நாடுகளுக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருக்கு, கேளும் சொல்றன்..."

"ஆட்டாதீங்க சார், வெட்டிரும்."

ஆட்டாமல் தொடர்ந்தார். பினாங்கு வழி, பாங்கொக் வழி, கைப்பைக்குள் பாரத்தை அடக்குகிற வழி. விமலராணி ஜெபமாலையை உருட்டி முடித்து நிமிர்ந்தபோது மண்டையில் சந்தனம் பூசியாகிவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை.

"எழும்புங்கோப்பா, முடிஞ்சுது."

"பொறும்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "அந்தத் தம்பியின்ர நம்பரை வாங்குவம்."