சிவப்பு ஏப்ரனில் ஒரு பச்சைப் பை

வெர்னாவுக்குக் கோழிகளைவிடத் தீவனச் சாக்குமேல்தான் ஆசை என்பார்கள் எங்கள் அயோவா ஊரில். பூப்போட்ட பருத்தித் துணியில் தீவனம் மூட்டையாகி வந்த காலம் அது. சாக்கின் தையலில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்துவிடும். அந்தத் துணியில் சமையல்வேளையில் உடைமேல் கட்டும் ஏப்ரன் தைப்பாள்; நூலையும் அதன் ஓரத்துக்குப் பின்னல் போடச் சுருட்டி வைப்பாள். ஒரு சாக்குக்கு ஓர் ஏப்ரன். ஏப்ரனின் முன்பக்கப் பைக்கு மட்டும் துணி போதாது.

அதே துணியில் இன்னொரு சாக்கு வாங்கக் கணவர் ஆர்லன் போவார். மாதிரித் துண்டைச் சட்டைப்பையில் வைத்து அனுப்பியும், பன்னிரண்டு வருஷமாக அவர் கொண்டுவந்தது சேர்ந்ததே இல்லை. ஏப்ரன் ஒரு நிறம், பை ஒரு நிறம்.

"கண்ணைக் கடையிலயே மறந்து வெச்சுட்டு வந்துட்டியா?" என்று வெர்னா திட்டுவாள்.

அவர் சிரித்துக்கொண்டே தொழுவத்துக்குப் போய்விடுவார். மாடியில் குடியிருந்த எனக்கு இது வாடிக்கையாகக் காதில் விழும்.

மகள் மெர்லாவின் கல்யாணம் வந்தது. மங்கிய சிவப்பில் வெள்ளைப் பூக்கொடி போட்ட தன் ஏப்ரனைப் போலவே மகளுக்கும் ஒன்று தைத்தாள் வெர்னா. வெர்னாவின் அந்த ஏப்ரனில் மட்டும்தான் பையும் சேர்ந்திருந்தது. அந்தச் சாக்கை அவளே போய் வாங்கியிருந்தாள். புகுந்த வீட்டார் முன்னால் மகளின் பை ஒன்றாவது நிறம் சேர்ந்து அமையட்டும் என்று ஆர்லனிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பினாள். அவர் பச்சையைக் கொண்டுவந்தார்.

மறுநாள் கோபமாகக் கடைக்கே போனாள். சிவப்பு தீர்ந்திருந்தது. ஆனால் கடைக்காரர், ஆர்லனைப் போலத் தேடுகிறவர் யாருமில்லை என்றார். நாற்பது மூட்டையையும் இறக்கி, ஒவ்வொன்றிலும் துண்டை வைத்துப் பார்ப்பாராம்.

வீட்டுக்கு வந்து இரண்டு துணியையும் மேஜையில் விரித்தாள். கொடியின் வளைவு, இதழின் எண்ணிக்கை எல்லாம் ஒன்றே. பழைய ஏப்ரன்களையும் எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஏப்ரனில் இருந்த பூவேதான் பையிலும், நிறம்தான் வேறு. ஆர்லனைக் கூப்பிட்டு, இதில் சிவப்பு எது என்று கேட்டாள்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, வெர்னா. எப்பவுமே."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ திட்டறது பழகிப்போச்சு."

வெர்னா தன் ஏப்ரனின் சிவப்புப் பையைப் பிரித்து மகளுடையதில் வைத்துத் தைத்தாள். பச்சையைத் தன்னுடையதில் தைத்துக்கொண்டாள்.

கல்யாண விருந்தில் அந்த ஏப்ரனோடுதான் பரிமாறினாள். பச்சைப் பையைப் பார்த்துச் சம்பந்தியம்மாள் சிரித்தபோது, "எங்க வீட்டுக்காரர் நாற்பது மூட்டையை இறக்கித் தேடி எடுத்தது" என்றாள்.

அதற்குப் பிறகும் தீவனக் கடைக்கு ஆர்லன்தான் போனார்.